வாசலில் நாலாவது சோடி

இதை வாசிக்கிறவை முதலிலேயே என்னைப் பொறுத்துக்கொள்ள வேணும். என்ரை படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்கே நிறுத்த வேணும், எங்கே புது வரி தொடங்க வேணும் என்று எனக்குச் சரியாத் தெரியாது. மறதியும் வந்திட்டுது. போன கிழமை உலையை வைச்சுப்போட்டு அரிசி போட மறந்து, வெறும் தண்ணியைக் கொதிக்க விட்டனான். நான் கொப்பியில் எழுதுறதைப் பேத்தி ரைப் பண்ணுறா. அவவுக்குத் தமிழ் எழுத்து என்னைவிட மெதுவு. பிழை இருந்தால் ரெண்டு பேருக்கும் பாதி பாதி.

சுவிஸில், ஓல்டனில் எங்கட மூத்தோர் கூட்டத்தில் தேத்தண்ணி வந்தவுடனே அண்ணைமார் தொடங்குகிற சண்டை உங்களுக்குத் தெரியும். ஆர் இந்த நாட்டுக்கு முதல் வந்தது?

"நான் வரேக்கை ஸ்ரேசனிலை எங்கட முகம் ஒண்டும் இல்லை" என்பார் ஒருவர்.

"நீர் வரேக்கை நான் வந்து அஞ்சு வருசம்" என்பார் மற்றவர்.

"ரெண்டு பேரும் பொறுங்கோ. நான் வரேக்கை பச்சை மிளகாயே இல்லை" என்று ஒரு அக்கா இடையில் வெட்டுவா.

நான் மூலையில் இருந்து வடையைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு பேருக்கு முன்னாலே வாய் திறக்க எனக்கு இப்பவும் வராது. அதுதான் எழுதிச் சொல்லுறன். நான் உங்கள் எல்லாருக்கும் முதல் வந்தவள். அப்ப எனக்குப் பதினொரு வயது.

இந்தத் தை மாதம், ஜனவரி ஆறாம் தேதி மகள் மூன்று ராசாக்கள் நாளுக்குச் சுடுகிற பாண் வாங்கி வந்தா. கடையெல்லாம் அடுக்கி வைச்சிருப்பினமே, பூப்போல உருண்டை உருண்டையாய் ஒட்டின இனிப்புப் பாண், உள்ளே சின்ன வெள்ளை ராசா பொம்மை. ராசா என்ரை துண்டுக்குள் வந்தார். பேரப்பிள்ளைகள் கடுதாசி முடியை என்ரை தலையில் வைச்சு, "அம்மம்மா முதல் தரம் ராணி!" என்று கத்தினார்கள்.

"முதல் தரமில்லை" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தா. அம்மாவுக்கு மறதி முத்திட்டுது என்று நினைச்சிருப்பா. மறதி இல்லை. நடந்தது இது.

நான் பெரியப்பா என்று கூப்பிட்டவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவின் புருசன். டொக்டர். அவருக்கு இந்த நாட்டில், சோலோதுர்ன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வருசப் பயிற்சிக்கு இடம் கிடைச்சது. பெரியம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். குழந்தையைப் பார்க்க ஒரு ஆள் வேணும். எங்கட வீட்டில் ஆறு பிள்ளைகள். அம்மா என்னைக் காட்டினா. "இவள் சத்தம் போடமாட்டாள்" என்று சொன்னா. அதுதான் என்ரை தகுதி. "ஒரு வருசத்துக்கு என்ன பள்ளிக்கூடம்" என்று பெரியம்மா சொன்னா. அந்த ஒரு வருசத்தோடு பள்ளிக்கூடம் முழுதாய்ப் போயிட்டுது.

ஆற்றங்கரையோடு ஒரு பழைய வீடு. நாங்கள் மூன்றாம் மாடி. எங்களுக்கு மேலே கூரை. கூரைக்குக் கீழே எல்லா வீட்டுக்காரரும் உடுப்புக் காயப்போடுகிற ஒரு பெரிய இருட்டறையும், வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆக்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு சின்ன அறையும் இருந்தன. படிகளையும் வாசலையும் ஒரு அப்வார்ட் பார்த்துக்கொண்டார். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கட வீட்டிலும் ஒரு அப்வார்ட்டிடம் ஏச்சு வாங்கியிருப்பியள். இவர் பெரிய உடம்பு. இடுப்பில் திறப்புக் கோர்வை. கையில் விளக்குமாறு.

வந்த மூன்றாம் நாளே சப்பாத்துச் சண்டை. படியில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது என்று அவர் சட்டம் சொன்னார்.

"சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ளை சப்பாத்தோ? தலை போனாலும் நடக்காது. இதைச் சொல்லுங்கோ அவனுக்கு" என்று பெரியம்மா உள்ளே நின்று சத்தம் போட்டா. பெரியப்பா அதைப் பாதியாகக் குறைச்சு ஜெர்மனில் சொன்னார். கடைசியில் ஒரு ஒப்பந்தம். சுவரோடு ஒரு பேப்பர் விரிச்சு மூன்று சோடி வைக்கலாம். மூன்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலை ஏழு மணிக்கும் அவர் படி கூட்டிக்கொண்டு ஏறி வந்து, விளக்குமாற்றுக் காம்பால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். பெரியப்பாவின் சப்பாத்து ஒன்று. பெரியம்மாவின் சப்பாத்து இரண்டு. வேதக்கோயில் தானப்பெட்டியில் ஆரோ போட்ட, இரண்டு விரல் பெரிசான என்ரை றப்பர் பூட்ஸ் மூன்று.

மேலே குழந்தையின் துணி காயப்போடுவது என்ரை வேலை. கார்த்திகை மாதம் ஒருநாள், ஈரத்துணிகளுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டுது. கையால் பொத்தின இருமல். துணியை விலக்கினால் கதவிடுக்கில் ஒரு பிள்ளை. இரண்டு பின்னல், கம்பளிக் காலுறை, வாயில் கை. விரலை உதட்டில் வைச்சுக் காட்டினா. நான் தலையை ஆட்டினேன். சத்தம் போடாமல் இருக்கிறது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே.

அவவுக்கு ஒன்பது வயது. தாய் ஒரு ஸ்பானிய அக்கா, உடுப்புத் தோய்க்கிற லாண்டரியில் வேலை. தகப்பன் கட்டட வேலை. குளிர் தொடங்க அவரின்ரை அனுமதி முடிஞ்சிடும், திருப்பி ஊருக்கு அனுப்பிப்போடுவினம், வெயில் வர வருவார். தாய்க்கு வருச அனுமதி இருந்தது. ஆனால் பிள்ளையை வைச்சிருக்க அனுமதி இல்லை. அந்தக் காலத்தில் அப்பிடித்தான் சட்டம். ஆரும் கண்டு அறிவிச்சால் பிள்ளையை ரயிலேத்திப்போடுவினம், தாயின்ரை வேலையும் போயிடும். ஆகையால் அந்தப் பிள்ளை பகல் முழுக்க அந்த அறைக்குள். பைப் திறக்கக் கூடாது. சப்பாத்துப் போட்டு நடக்கக் கூடாது, கீழே கேட்கும். அவவின்ரை சப்பாத்து கட்டிலுக்குக் கீழே துணி சுத்தி இருந்தது. கறுப்புத் தோல், பக்கத்தில் ஒரு பித்தளைப் பொத்தான். அடித்தோல் இன்னும் மஞ்சளாய், ஒரு கீறல் இல்லாமல்.

எப்பிடிக் கதைச்சனீங்கள் என்று கேட்பீங்கள். அவவுக்கு மெதுவாய் வைச்ச றேடியோவில் படிச்ச ஜெர்மன். எனக்கு அப்வார்ட்டின் ஏச்சில் படிச்ச ஜெர்மன். மிச்சம் கை. துணி காயுதோ என்று பார்க்க நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் மேலே போகத் தொடங்கினேன். பெரியம்மா, "இந்த நாட்டிலை துணி காயிறது ஒரு வேலையடி" என்று சலிச்சுக்கொள்ளுவா.

நத்தார், கிறிஸ்மஸ் முடிஞ்சும் அவைக்குப் பண்டிகை முடியவில்லை. வருசக் கடைசி ராத்திரி மணி பன்னிரண்டு அடிக்க, ஒரு அடிக்கு ஒன்றாய்ப் பன்னிரண்டு முந்திரிகைப்பழம், திராட்சை என்பினமே, அது தின்ன வேணுமாம். தின்று முடிச்சால் வருசம் நல்லாய் இருக்குமாம். குளிர்காலத்தில் முந்திரிகைப்பழத்துக்கு எங்கே போறது? அக்கா பிளம்ஸ் வாங்கி வந்தா, நாங்கள் பாயாசத்துக்குப் போடுகிற அதே காய்ஞ்ச திராட்சை. அன்று அவவுக்கு மத்தியானத்தோடு வேலைக்குப் போக வேணும், ஆகையால் பகல் பன்னிரண்டு மணிக்கே தின்றோம். கோயில் மணி அடிக்க அடிக்க மூன்று பேரும் வாயைத் திறந்து திறந்து. நான் ஒன்பதிலே புரைக்கேறி விக்கிப்போனேன். சோலோதுர்ன்காரருக்குப் பதினொன்றுதானே ராசியான எண், கோயில் பதினொன்று, நீரூற்று பதினொன்று என்று பெருமையடிப்பினம். "இந்த ஊர் பதினொண்டோடை நிக்கும். நாங்கள் பன்னிரண்டு" என்று அக்கா சிரிச்சா. சிரிக்கேக்கையும் கை வாயில்தான்.

அவைக்குப் பெரிய நாள் தை ஆறு. மூன்று ராசாக்கள் ஒட்டகத்தில் ஊர் ஊராய் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைப்பினம். பிள்ளைகள் முதல் நாள் பின்னேரம் தங்கட சப்பாத்தை ஜன்னலிலோ வாசலிலோ வைக்க வேணும். களைச்சு வாற ஒட்டகத்துக்கு வைக்கோலும் தண்ணியும் பக்கத்தில் வைக்க வேணும். விடியச் சப்பாத்துக்குள் பரிசு இருக்கும், வைக்கோல் இருக்காது.

"போன வருசம் உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு மண்டரின் ஆரஞ்சு. கட்டிலுக்குக் கீழே வைச்சனாங்கள். அது அம்மா வைச்சது."

"ராசாக்கள்?"

"அவைக்கு எப்பிடித் தெரியும்? நான் இந்த ஊரிலை இல்லைத்தானே" என்றா. அழவில்லை. கணக்குச் சொல்லுறமாதிரிச் சொன்னா. அது எனக்குப் பொறுக்கேல்லை.

"எங்கட வாசலிலை சப்பாத்து வைக்கிறது. எல்லாருக்கும் தெரியும். உன்ரையையும் அதோடை வைப்பம்" என்றேன்.

அக்கா முதலில் ஏலாது என்று தலையை ஆட்டினா. பிறகு பிள்ளையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. விரலால் மணி காட்டினா. அவ விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு இறங்கேக்கை பரிசு வைப்பா. ஆறு மணிக்கு நான் சப்பாத்தை மேலே கொண்டுபோக வேணும். ஏழுக்கு அப்வார்ட். ஒரு மணித்தியாலம் இருக்கு.

ஐந்தாம் தேதி பின்னேரம் அக்கா பாண் சுட எங்கட வீட்டு ஓவன் அடுப்பைக் கேட்டு வந்தா. மேலே அவவுக்கு ஒரு மின்சார அடுப்புத்தான். பெரியம்மா ஓவனைத் திறந்து காட்டினா, உள்ளே எங்கட சட்டி பானை, தாச்சி, புட்டுக்குழல் எல்லாம் அடுக்கி இருந்தன. அது சுடுகிற சாமான் என்று நாங்கள் நினைச்சதில்லை. அக்கா சிரிச்ச சிரிப்பில் பெரியம்மாவும் சிரிச்சிட்டா. எல்லாத்தையும் இறக்கினோம். வளையமாய் ஒரு பாண், மேலே சீனியில் ஊறின பழத்துண்டுகள். தோடம்பூ, அந்த ஆரஞ்சுப்பூ வாசம் சாமிப்படம் வரைக்கும் போனது. "முட்டை போட்டவளோ?" என்று பெரியம்மா என்னிடம் மெதுவாய்க் கேட்டா. "தெரியாது" என்றேன். நாலு போட்டதைக் கண்டனான்.

இருட்டுப்பட, நான் கறுப்புச் சப்பாத்தை என்ரை பூட்ஸுக்குப் பக்கத்தில் வைச்சேன். ஒட்டகத்துக்கு வைக்கோல் வேணும். வெளியே முழங்கால் அளவு பனி. யோசிச்சுப்போட்டு, பெரியம்மாவின் பிஸ்கற் ரின்னைத் திறந்தேன். ஊரிலிருந்து வந்த காய்ஞ்ச கறிவேப்பிலை. ஒரு தாளிப்புக்கு மூன்று இலைக்கு மேலே போடமாட்டா, அவ்வளவு அருமை. நான் ஒரு கை நிறைய அள்ளிச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைச்சேன். ஒட்டகம் தூரத்திலிருந்தல்லோ வருது.

விடிய என்ன நடந்தது என்றால், குழந்தை வாந்தி எடுத்தது. ஐந்தரையிலிருந்து என்ரை தோளில். பெரியம்மா தண்ணி கொதிக்க வைக்கிறா, நான் துடைக்கிறேன். மணியைப் பார்த்தால் ஆறு. பிறகு ஆறரை. குழந்தையைக் கிடத்தினால் கத்துது. படியில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டபோதுதான் குழந்தையைப் பெரியம்மாவின் கையில் குடுத்துப்போட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. காம்பு நாலாவதில் நின்றது.

பக்கத்தில் வைச்ச இலை ஒன்றும் மிச்சமில்லை. குனிஞ்சு ஒன்றைத் தூக்கினார். உள்ளே ஒரு மண்டரின். மற்றதில் தாளில் சுத்தின பாதாம் இனிப்புக் கட்டி. திருப்பி அடியைப் பார்த்தார். மஞ்சள் அடித்தோல். பனியும் இல்லை, மண்ணும் இல்லை. கூரைப் படியை நிமிர்ந்து பார்த்தார்.

"இரண்டாம் மாடி அம்மா சொல்லுறா, மேலே சின்னக் காலடி கேட்குதாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது ஆருடையது?"

பெரியம்மா குழந்தையோடு பின்னால் வந்து நின்றா. மேலே அந்தப் பிள்ளை கதவோடு காதை வைச்சுக்கொண்டிருக்கிறா என்று எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து அந்த மனிசனோடு நான் ஒரு சொல் கதைச்சதில்லை. ஏசினால் நிலத்தைப் பார்ப்பேன்.

"மினி" என்றேன். என்ரை என்று.

அவர் நம்பவில்லை. சப்பாத்தை நீட்டினார். நான் காலை உள்ளே விட்டேன். வெறுங்காலில் வளர்ந்த பரந்த கால் எனக்கு. விரல்கள் போய் மண்டரினில் இடிச்சுது. இன்னும் தள்ளினேன். அது உள்ளே வெடிச்சுது, குளிர்ந்த தண்ணி விரலிடுக்கெல்லாம். மற்றச் சப்பாத்துக்குள் பாதாம் கட்டி, அது கல்லு. குதிக்கால் இரண்டும் வெளியே.

"நட" என்றார்.

நான் நடந்தேன். மூன்று படி கீழே, மூன்று படி மேலே. மண்டரின் வாசம் படியெல்லாம். கண்ணில் தண்ணி முட்டினது, ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டேல்லை. திரும்பி வந்து பேப்பரில் நின்றேன்.

அவர் என்ரை குதிக்கால்களைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு விளக்குமாற்றால் பேப்பரைத் தட்டி, "நாலு" என்று சொல்லிப்போட்டு இறங்கிப் போனார்.

கதவு சாத்தினதும் பெரியம்மா தொடங்கினா. "எங்கையடி எடுத்தனி? ஆரின்ரை வீட்டு வாசலிலை எடுத்தனி?" பிறகு தாளிக்கப் போய் ரின்னைத் திறந்தா. அதற்குப் பிறகு அகப்பைக்காம்பு. கறிவேப்பிலை எடுத்தனான் என்று ஒத்துக்கொண்டேன். எதுக்கு என்று கேட்டதற்கு "ஒட்டகத்துக்கு" என்றால் இன்னும் இரண்டு விழும் என்று பேசாமல் இருந்தேன். சப்பாத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. பெரியம்மா கூடாத மனிசி இல்லை. ஆனால் ஒரு கதை வாயில் நிற்காது. மத்தியானமே அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டா. "உங்கட பிள்ளைக்குக் கை நீளம்."

பின்னேரம் அக்கா வளையப் பாணைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தா. என்ரை கையில் இருந்த தழும்பைக் கண்டா. பெரியப்பாவும் வீட்டில் இருந்தார். அக்கா சப்பாத்தைக் காட்டி, தன்ரை நெஞ்சைக் காட்டி, என்னைக் காட்டினா. தான்தான் ராசாக்கள் நாளுக்குப் பரிசாய்க் குடுத்தது என்று தெரிஞ்ச ஜெர்மனில் சொன்னா.

"பரிசாம்" என்று பெரியப்பா சொன்னார்.

பெரியம்மா முந்தானையைச் சரிசெய்தா. "அப்ப இவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே" என்றா. அவ்வளவுதான். கடிதம் போனது போனதுதான்.

பாணுக்குள் ஒரு அவரைக் கொட்டையும் ஒரு சின்னப் பீங்கான் பொம்மையும் வைச்சுச் சுடுகிறது வழக்கம். பொம்மை கிடைச்சவர் ராசா. கொட்டை கிடைச்சவர் அடுத்த பாணின் செலவு. அக்கா வெட்டேக்கை விரலால் மேலே அமத்தி அமத்திப் பார்த்ததை நான் கண்டனான். பெரியம்மாவின் பல்லில் கொட்டை இடிச்சுது. "ஐயோ, அவரைக் கொட்டையை உள்ளுக்கு விட்டுச் சுட்டிருக்கிறாள்! நாலு நாளைக்குப் பல்லு நோகும்." பெரியப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். என்ரை துண்டில் பொம்மை. நீல அங்கி போட்ட ராசா, அரை விரல் உயரம்.

அக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு ராசா முடியை எடுத்தா. சொக்கிளேற் சுத்துகிற பொன்தாள், பல்லுப் பல்லாய் வெட்டினது. வெட்டினது ஆர் என்று எனக்கு மட்டும் தெரியும். காலையில் அடி வாங்கினவளின் தலையில் பின்னேரம் முடி. பெரியம்மாவுக்குச் சிரிக்கிறதோ ஏசுகிறதோ என்று தெரியேல்லை.

"குழந்தையின்ரை துணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லி, முடியோடே மேலே போனேன். கதவு நாலு விரல் திறந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக் கை தட்டினா. இரண்டு உள்ளங்கையும் ஒன்றில் ஒன்று படாமல், சத்தமே இல்லாமல், கனநேரம் தட்டினா. எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கை தட்டியிருக்கினம், ஓல்டன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருசம் வேலை செய்து ஓய்வு பெற்ற அன்றும் தட்டினவை. அது இதுக்குக் கிட்ட வராது.

சப்பாத்தைத் திருப்பிக் குடுக்கேலாமல் போச்சு. இனி நாலு சோடி அங்கே இருக்க வேணும், இல்லாட்டி அவர் கேட்பார். "உனக்குக் கவலையோ?" என்று கேட்டேன். இல்லையாம். ஏன் என்று இரண்டு நாளில் விளங்கினது. அப்வார்ட் அதுவரை வாய்க்குள் எண்ணினவர், அன்றிலிருந்து சத்தமாய் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நா...லு. கடைசி எண் கூரை வரைக்கும் போகும். பெரியம்மா, "கிழவனுக்குக் காது மந்தம்" என்பா. நானும் அப்பிடித்தான் நினைச்சேன். எனக்கே இப்ப அவரின்ரை வயது வந்த பிறகுதான் அந்த மனிசன் ஆருக்குக் கேட்க எண்ணினார் என்று யோசிக்கிறன்.

மேலே அந்தப் பிள்ளை ஒவ்வொரு காலையும் கதவோடு காத்திருந்தா. "நாலாவது நான்" என்றா என்னிடம். "என்னை எண்ணிட்டார்."

பங்குனியில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். பெரியம்மா சப்பாத்தையும் பெட்டியில் வைக்கச் சொன்னா. "எனக்குச் சின்னன்" என்று பேப்பரிலேயே விட்டிட்டு வந்தனான். மற்ற மூன்றும் போன பிறகு அடுத்த நாள் அவர் என்ன எண்ணினாரோ தெரியாது. ராசா பொம்மை இடப்பெயர்வில் போச்சு. கை நீளம் என்ற பேர் கலியாணம் பேசும்வரை என்னோடு வந்தது. அம்மாவிடம்கூட நான் சொல்லேல்லை. ஆரும் கண்டுபிடிக்காமல் இருக்க வேணும் என்று குடுத்த வாக்குக்கு, எத்தனை வருசம் என்று ஒரு அளவு சொல்லப்படேல்லைத்தானே.

இருபது வருசத்துக்குப் பிறகு, உங்களைப்போல நானும் அகதியாய் இந்த நாட்டுக்குத் திரும்பி வந்தேன். அப்ப என்ரை பிள்ளைகள் என்னோடு ஒளிக்காமல் வந்தினம், சப்பாத்தோடு நடந்தினம்.

இதை வாசிக்கிறவை ஆராவது சில விசயங்களைச் சரிபார்த்துத் தாங்கோ. ஸ்பானிய ஆக்களோடு வேலை செய்தவை இருந்தால், சப்பாத்து வைக்கிறது ஐந்தாம் தேதி பின்னேரம்தானோ, ஒட்டகத்துக்குத் தண்ணி வைக்கிறவையோ என்று கேளுங்கோ. சோலோதுர்னில் இருக்கிறவை, ஆற்றங்கரையில் பச்சை ஜன்னல் வைச்ச அந்த வீடு நிக்குதோ என்று பாருங்கோ. கூரைப்படி பதினொன்றோ பன்னிரண்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பேத்தி, ஜெர்மன் சொல்லுகளைத் தான் சரிபார்க்கிறன் என்று சொல்லுறா. பார்க்கட்டும். "மினி" என்றதை மட்டும் அவ தொடத் தேவையில்லை. அது நான் சொன்னது. எனக்கு நல்ல நினைவு.